வாசல் தெளித்த வெள்ளிக்கிழமை

அரூருக்குத் திரும்பி இரண்டு வருடமாகிறது. பார்க்கிறவர்கள் எல்லாம், "கனடாவுல குளுர எப்படிங்க தாங்குனீங்க?" என்றுதான் கேட்கிறார்கள். பழகிடுச்சுங்க என்று சொல்லி வைக்கிறேன்.

நான் சித்தேரி மலையில் பிறந்தவள். மார்கழிப் பனியில் ஆடு ஓட்டியவளுக்கு என்ன பெரிய குளிர் என்ற திமிரோடு, ஒரே ஒரு ஸ்வெட்டருடன் கணவர் வேலை பார்த்த ஊருக்குப் போனேன். முதல் வாரமே திமிர் இறங்கிவிட்டது. வீட்டுக்குள்ளேயே போர்த்திக்கொண்டு அழுதேன். அவருக்கு வேலைக்குப் போகவும் தூங்கவுமே நேரம் சரியாக இருந்தது.

பக்கத்து வீட்டுக்காரிதான் வந்து கதவைத் தட்டினாள். என் வயதுதான் இருக்கும், தனியாக இருந்தாள். உடம்பை ஒட்டி ஒரு பனியன், மேலே கம்பளிச் சட்டை, அதற்கும் மேலே கோட்டு என்று அடுக்கிப் போடக் காட்டிக்கொடுத்தாள். தன் பழைய பூட்ஸைத் தந்தாள். வெடித்த உதட்டுக்குக் களிம்பு வாங்கி வந்தாள். என் அரைகுறை இங்கிலீஷைக் காது கொடுத்துக் கேட்டவள் அந்த ஊரில் அவள் ஒருத்திதான்.

தை முதல் வெள்ளி வந்தது. அம்மா போனில், "வெறும் வாசலா வுடாத கண்ணு, ரெண்டு கை தண்ணியாச்சும் தெளி" என்றார். விடிந்ததும் ஒரு வாளித் தண்ணீரைப் படியிலிருந்து நடைபாதை வரை வீசித் தெளித்தேன். கை விறைத்துப் போனது. கொஞ்சம் சூடு காட்டிவிட்டு வந்து அரிசிமாவில் கோலம் போடலாம் என்று உள்ளே போனேன். பத்து நிமிடம் இருக்காது, வெளியே அலறல் கேட்டது. எனக்குக் கையுறை கொண்டுவந்த பக்கத்து வீட்டுக்காரி படிக்குக் கீழே கிடந்தாள். தெளித்த தண்ணீரெல்லாம் பனிக்கட்டியாகியிருந்தது.

முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறவள்.

"நீ தண்ணி ஊத்துனேன்னு மூச்சு வுடாத. அவ கேஸ் போட்டா வூட்டு ஓனரு நம்மளக் காலி பண்ணச் சொல்லிருவாரு" என்றார் கணவர். நானும் வாயைத் திறக்கவில்லை. அவரைக் குறை சொல்லி என்ன, வாய் என்னுடையதுதானே. அந்த வாயை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

ஆஸ்பத்திரிக்கு ரசம் எடுத்துப் போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் வாசலில் பனி சீக்கிரம் உறைகிறது. நீ ஊருக்குப் புதியவள், பார்த்து நட. உப்புத் தூவச் சொல்லி உன் கணவரிடம் சொல்" என்றாள்.

சரி என்று தலையாட்டிவிட்டு, ரசத்தை ஆற்றிக் கொடுத்தேன்.