நான்காவது ராஜினாமா

சுபாஷிணி டீச்சர் மட்டாஞ்சேரி வாசகசாலைக் கமிட்டியிலிருந்து நான்கு முறை ராஜினாமா செய்தவர். முதல் மூன்றும் பழம்பொரியில் முடிந்தன.

அங்கே அப்படி ஒரு வழக்கம். யாராவது கோபித்துக்கொண்டு காகிதத்தை நீட்டினால், தலைவர் அதைப் படிக்காமலேயே மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். கூட்டம் அத்தோடு கலையும். சாயங்காலம் இரண்டு பேர் பழம்பொரி என்கிற நேந்திரம்பழ பஜ்ஜிப் பொட்டலத்தோடு வீடு தேடிப் போவார்கள். இரண்டு சாயா குடித்து முடிப்பதற்குள் ராஜினாமா வாபஸாகிவிடும்.

மூன்று தலைமுறைக்கு முன் பாலக்காட்டிலிருந்து வந்த குடும்பம் டீச்சருடையது. முப்பத்திரண்டு வருடம் அரசுப் பள்ளியில் சரித்திரம் நடத்தினார். கணவர் இறந்த அன்று புரோகிதரை வாசலோடு திருப்பியனுப்பிவிட்டு, உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்தவர். யூதர் தெருவான ஜூ டவுனுக்குப் பின்னால், மிளகுக் கிடங்கை ஒட்டியிருக்கும் வாசகசாலையின் கீழறையில் வியாழக்கிழமைதோறும் இலவசக் கண் பரிசோதனை நடந்ததென்றால் அதற்கு அவரே காரணம். மூட்டை சுமப்பவர்களும் சுக்கு புடைக்கும் பெண்களும் தூசியில் சிவந்த கண்களோடு வருவார்கள். கண் பரிசோதகி ஷபானா பார்த்துக் கண்ணாடி எழுதிக் கொடுப்பாள். கமிட்டியில் அவளும் உறுப்பினர். யாரிடமும் ஒரு பைசா வாங்கியதில்லை.

மாதக் கடைசி ஞாயிறு டீச்சரின் சரித்திர வகுப்பு. அவருக்குப் பிடித்த பாடம், உலகப் போருக்குப் பின் இங்கிலாந்தில் வந்த பிரதமர் ஆட்லியின் அரசு. குண்டு விழுந்து நொறுங்கிய நாடு, போர்க்காலத்தில்கூட இல்லாத ரொட்டி ரேஷன், நிலக்கரி இல்லாமல் உறைந்துபோன குளிர்காலம். அதற்கு நடுவிலும் ஏழைக்கு இலவச வைத்தியம், இலவசக் கண்ணாடி. பிறகு கொரியப் போர் வந்தது. ஆயுதச் செலவுக்காகக் கண்ணாடிக்கும் பல்செட்டுக்கும் கட்டணம் போட்டார்கள். அந்த வைத்தியத் திட்டத்தையே உருவாக்கிய அமைச்சர் பெவன், 'இது என் கட்சியா?' என்று கொதித்துப் பதவியைத் தூக்கி எறிந்தார். கட்சி இரண்டுபட்டது. இந்த இடத்தில் டீச்சர் மேசையைத் தட்டுவார்.

"அதாக்கும் தைரியம்!"

பாடம் அங்கே முடிந்துவிடும். ஒருமுறை, உசிலம்பட்டியிலிருந்து வந்து கிடங்கில் மூட்டை தூக்கும் சங்கிலிப்பாண்டி கடைசி பெஞ்சிலிருந்து கேட்டான். "அப்புறம் என்னாச்சு டீச்சர்?"

"அப்பறம் என்ன? அந்த ராஜினாமாவைப் பத்தி நாம இன்னிக்கும் பேசிண்டிருக்கோமோ இல்லையோ?"

எல்லோரும் கை தட்டினார்கள். தலைவர் லக்ஷ்மிநாராயணனும் தட்டினார். துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருட நண்பர்.

இந்தக் கார்த்திகையில் கமிட்டி கூடியது. ஏழு பேர். முதல் விஷயம், கண்ணாடிக்கு ஐம்பது ரூபாய் கட்டணம். இரண்டாவது, கீழறையை ஒரு தியான அறக்கட்டளைக்குக் கொடுப்பது. அவர்களுடைய குருஜி கண்புரையை ஊதியே கரைப்பாராம். அறையைக் கொடுத்தால் ஒழுகும் கூரையை மாற்றித் தருவார்களாம். குருஜி வருவது வியாழக்கிழமைகளில் மட்டுமாம்.

இரண்டாவது நடக்காது என்று டீச்சருக்குத் தெரியும். அவரையும் ஷபானாவையும் சேர்த்து நான்கு பேர் அதற்கு எதிர்ப்பு. ஆனால் முதல் விஷயத்தில் அவர்கள் இருவரையும் தவிர எல்லோரும் கட்டணத்துக்குக் கை தூக்கிவிட்டார்கள்.

"நிலைமை அறியாம பேசப்படாது டீச்சரே" என்றார் லக்ஷ்மிநாராயணன். "ஐம்பது ரூபா ஒரு காசாக்குமோ? ஒரு பிரியாணிக்குக் காணாது."

"பிரியாணி திங்கறவனா ஓய் நம்ம கிட்ட கண்ணாடிக்கு வரான்?"

டீச்சர் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தார். அங்கேயே நான்கு வரி எழுதி நீட்டினார். வழக்கம்போலக் கூட்டம் கலைந்துவிடும், பொட்டலம் வரும், கட்டணம் போகும். அதுதான் கணக்கு.

லக்ஷ்மிநாராயணன் காகிதத்தை மடிக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். ஓரத்தில் கையெழுத்திட்டார்.

"ஏத்துண்டாச்சு. அடுத்த விஷயம்."

"என்ன ஓய் இது?"

"உங்க கிளாஸ்ல படிச்சதாக்கும். அந்தப் பிரதமர் ராஜினாமாவை மடிச்சுப் பையில போட்டுக்கலையே, ஏத்துண்டாரே. உறுப்பினர் அல்லாதவா வெளியில இருக்கணும்."

டீச்சர் எப்படி எழுந்தார், எப்படி வராந்தாவுக்கு வந்தார் என்று அவருக்கே தெரியாது. ஐந்து நிமிடத்தில் ஷபானா வெளியே வந்தாள்.

"மூணுக்கு மூணு டீச்சர். தலைவருங்கற முறையில சார் இன்னொரு ஓட்டு போட்டாரு. ரூம் போச்சு."

"போச்சா?"

"நீங்க ஒருத்தர் உள்ள இருந்திருந்தா போதுமே! எதுக்கு எந்திரிச்சீங்க?"

அன்று சாயங்காலம் டீச்சர் வாசல் கதவைச் சாத்தவில்லை. எட்டு மணி வரை யாரும் வரவில்லை. அலமாரியிலிருந்த தடித்த சரித்திரப் புத்தகத்தை எடுத்து, இத்தனை வருடமாக எந்தப் பக்கத்தில் பாடத்தை நிறுத்தினாரோ அதற்கடுத்த பக்கத்தைத் திருப்பினார். ஏப்ரலில் ராஜினாமா. அக்டோபரில் தேர்தல். பிளவுபட்ட கட்சிக்கு எதிரிகளைவிட அதிக ஓட்டு விழுந்தும் இடங்கள் குறைந்து ஆட்சி போனது. வந்தவர்கள் கண்ணாடிக் கட்டணத்தை எடுக்கவில்லை. மறு வருடம் மருந்துச் சீட்டுக்கும் கட்டணம் போட்டார்கள். எல்லாம் அவர் ஒரு காலத்தில் படித்ததுதான். பக்க ஓரத்தில் அவருடைய பென்சில் கோடுகூட இருந்தது.

வியாழக்கிழமை காலையில் ஷபானாவோடு அங்கே போனார். வாசகசாலை வாசலில் குருஜியின் ஆளுயரப் படம். செருப்புகள் குவிந்து கிடந்தன. கிடங்கு மதில் வரைக்கும் வரிசை. எல்லாம் தெரிந்த முகங்கள். நடுவில் சங்கிலிப்பாண்டி, இடது கண்ணைத் துண்டால் பொத்திக்கொண்டு நின்றான்.

"ஏண்டா, நீயுமா? ஊதினா புரை கரையுமாடா?"

"கரையுமோ என்னமோ, எனக்குத் தெரியாது டீச்சர். நாலு நாளா எரியுது. யாராச்சும் பாக்கணும்ல? நீங்க ரூமை விட்டுட்டுப் போய்ட்டீங்கன்னு சொன்னாங்க."

டீச்சர் ஷபானாவின் கையிலிருந்த, பார்வை சோதிக்கும் எழுத்து அட்டையைப் பிடுங்கிக்கொண்டு எதிர் மதிலருகே போனார். அதில் ஆணி இல்லை. அட்டையைத் தலைக்கு மேல் இரு கைகளாலும் மதிலோடு அழுத்திப் பிடித்தார்.

"வாடா இங்கே. ஷபானா பார்ப்பா. காசு வேண்டாம்."

வரிசை ஓர் அடி நகர்ந்தது. அவனும் அதோடு நகர்ந்தான்.

"இருங்க டீச்சர், எடம் போயிரும். இங்க முடிச்சிட்டு வந்துர்றேன்."