அலமாரி உச்சியில் மரச்சொப்பு

ஹாம்பர்க்கில் நாங்கள் குடியேறிய புதிதில், பக்கத்து வீட்டு ஹெல்கா ஒருநாள் வந்து என் மகள் ரோஸியின் பொம்மைகளில் முக்கால்வாசியை ஒரு பெட்டியில் போட்டு மூடினாள். தன் பிள்ளைகளுக்குக் கேட்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்து, நம் ஊர் மரியாதைப்படி பெட்டியை அவளிடமே நீட்டி, கொண்டுபோகச் சொல்லிச் சைகை காட்டினேன். பாவம், பதறிப்போனாள். மிச்சமிருந்த நாலு பொம்மைகளைக் குழந்தையின் முழங்கால் உயரப் பலகையில் இடம்விட்டு அடுக்கினாள். பிறகு என் கையைப் பிடித்து அடுக்களைக்கு இழுத்துப் போனாள். ரோஸி அழவில்லை. அரைமணி நேரம் தன்பாட்டுக்கு விளையாடினாள். கணவர் கப்பல் பட்டறைக்குப் போனபின் பிள்ளையை இடுப்பில் சுமந்தபடியே சமைத்துக்கொண்டிருந்த எனக்கு, அன்றைக்குத்தான் கை இரண்டும் சும்மா இருந்தன.

அந்தப் பெருமையோடுதான் எழுபத்தேழில் மூன்று வயது ரோஸியுடன் தூத்துக்குடிக்கு விடுமுறைக்கு வந்தேன். அண்ணனுக்கு உப்பளத்தில் வேலை. மதினிக்குப் பிள்ளை இல்லை. ரோஸியின் போட்டோவை மட்டுமே மூன்று வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தவர், அவளுக்கென்று திருச்செந்தூரில் மரச்சொப்பு வாங்கி அலமாரி உச்சியில் வைத்திருந்தார். ரோஸியோ அவர் இடுப்பில் ஒரு நிமிஷம்கூடத் தங்கவில்லை. நெளிந்து இறங்கி ஓடினாள்.

"ஏளா, இவ என்கிட்ட நிக்கவே மாட்டேங்காளே!"

"அங்கன தனியா விளையாடிப் பழகிட்டா மதினி."

"வீடு நிறைய ஆள் இருக்கையில எதுக்குளா தனியா விளையாடணும்?"

நான் கேட்டால்தானே! சொப்புகளை இறக்கி, ஜன்னலோரத் தாழ்ந்த பெஞ்சில் ஹெல்கா மாதிரியே பரப்பினேன். ரோஸி உட்கார்ந்து சோறு பொங்க ஆரம்பித்தாள். "பார்த்தீங்களா மதினி?" என்றேன்.

"எல்லாம் சரிதாம்ளா. கைக்கெட்டுன பொறவு என்னைய எதுக்குத் தேடுவா?" என்று சொல்லிவிட்டு மதினி அடுக்களைக்குப் போய்விட்டார்.

நான் சிறுமியாக இருந்தபோதும் எங்கள் வீட்டில் பொம்மை உச்சியில்தான் இருந்தது. கீழே இருந்தால் உடைத்துவிடுவேனாம். அந்தப் பொம்மையின் முகம்கூட எனக்கு மறந்துவிட்டது. துறைமுக வேலை முடிந்து வந்ததும் வராததுமாக என்னைத் தூக்கி அதைக் காட்டிய அப்பாவின் தோள் மறக்கவில்லை. பிள்ளையின் நல்லதுக்கென்று சொப்பை அடுக்கிய நான் மதினியையும் கொஞ்சம் நினைத்திருக்கலாம்.

மறுநாள் காலையில் சொப்புகளை நானே மேலே ஏற்றினேன். ரோஸி தேடினாள், அண்ணாந்து பார்த்தாள், என்னிடம் வந்தாள். நான் அரிசி புடைப்பதில் மும்முரமானேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு மதினியிடம் போய் இரண்டு கைகளையும் உயர்த்தி, "ஹோஹ்!" என்றாள். தூக்கு என்பதற்கு அங்கே அப்படித்தான் சொல்வார்கள். மதினி என்னிடம் அர்த்தம் கேட்கவில்லை. அள்ளித் தூக்கிக்கொண்டு, "இதா? இந்தப் பானையா? இல்ல இதா?" என்று வேண்டுமென்றே ஒவ்வொன்றாகத் தப்பாகத் தொட்டுக் காட்டினார். ரோஸி அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தாள்.

"ஏளா, எப்பம் ஊருக்குப் போணும்?" என்றார் மதினி, பிள்ளையை இறக்காமலே.

ஊரில்தானே இருக்கிறேன் மதினி என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள், "இன்னும் பத்து நாள்" என்று சொல்லிவிட்டிருந்தேன்.