கிராம்புக் கிடங்கின் வாசல் சோதனை

பினாங்கில், கடற்கரைத் தெருவுக்குப் பின்னால் இருந்த கிராம்புக் கிடங்கில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கணவர் துறைமுகத்தில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். தமிழ்ப் பெண்களும் சீனப் பெண்களுமாகத் தரையில் உட்கார்ந்து, முறத்தில் கொட்டிய கிராம்பில் காம்பும் கல்லும் பொறுக்குவோம். அந்தக் காரம் மூக்கிலும் கண்ணிலும் ஏறும். வீட்டுக்குப் போய்ச் சோறு பிசைந்தாலும் விரல் எரியும். அதைப் பற்றி யாரும் வாய் திறந்ததில்லை. வேலை என்றால் அப்படித்தான் என்று இருந்தோம்.

எங்களால் பொறுக்க முடியாமல் போனது வாசலில் நடந்தது.

முன்பெல்லாம் கிளம்பும்போது முந்தானையை உதறிக் காட்டினால் போதும். பிறகு, சரக்கு குறைகிறது என்று வெள்ளைக்காரத் துரை சொன்னாராம். எங்களை மேற்பார்வை செய்யப் புதிதாக ஒரு மண்டோர் வந்தான். நம் ஆள்தான், தமிழன். வந்த வாரமே கையால் சோதிக்க ஆரம்பித்தான். இடுப்பு மடிப்பில் விரலை விடுவான். ரவிக்கை மேல் தடவுவான். வயதானவர்களை ஒரு பார்வை பார்த்து அனுப்பிவிடுவான். இளசுகள் மேல்தான் அவனுக்குச் சந்தேகமெல்லாம். திருட்டுக்கு வயது உண்டா என்ன?

கணவரிடம் சொன்னேன். அவர், "வேற கிடங்குல மட்டும் வாசல் இல்லியா?" என்றார். அவர் மேலும் எனக்குக் கோபம் வந்தது.

தமிழ்க் கூலிகளின் குறைகளைக் கேட்க ஒரு சர்க்கார் ஆபீஸ் இருந்தது. நானும் இன்னொருத்தியும் போனோம். அங்கிருந்த கிராணி, அந்தக் குமாஸ்தா, நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"கூலி ஒழுங்கா குடுக்குறாங்களா?"

"குடுக்குறாங்க."

"அடிச்சாங்களா?"

"இல்லீங்க. ஆனா..."

"அப்புறம் என்னம்மா? இதுக்கெல்லாம் சட்டத்துல இடமில்ல லா."

சீனப் பெண்கள் போக வேண்டியது வேறொரு ஆபீஸ்; அங்கேயும் இதே பதில்தானாம். ஒரே முறத்தில் கை வைத்து வேலை செய்கிற எங்களுக்கு முறையிட மட்டும் ரெண்டு வாசல். ரெண்டும் மூடித்தான் இருந்தது.

எனக்குப் பக்கத்தில் உட்காருபவள் சீனாவிலிருந்து வந்த ஒரு விதவை. கறுப்புக் கால்சட்டை, நெடுநெடுவென்ற உயரம். எங்களுக்குள் சந்தையில் பேசுகிற பசார் மலாய்தான் பேச்சு. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். தன் தேநீர்க் குவளையை என் பக்கம் நகர்த்திவிட்டுத்தான் அவள் குடிப்பாள். அதிகம் பேசமாட்டாள்.

எங்களில் ஒருத்தி பிள்ளை பெற்று அப்போதுதான் வேலைக்குத் திரும்பியிருந்தாள். பகலெல்லாம் குழந்தையைப் பிரிந்திருப்பதால் சாயங்காலம் பால் கட்டி ரவிக்கை நனைந்துவிடும். அன்று வாசலில் மண்டோர் அவளை நிறுத்தினான்.

"இங்க என்ன ஈரம்? என்ன ஒளிச்சு வெச்சிருக்க?"

"பாலுண்ணே," என்றாள் தலையைக் குனிந்துகொண்டு.

"பாலா கள்ளா, பாத்தாதானே தெரியும்," என்று சிரித்துக்கொண்டே கையை வைத்து அழுத்தினான். அவள் வலி தாங்காமல் அலறிவிட்டாள்.

அடுத்து நின்றது சீனத்து அக்கா. அவள் கையைத் தூக்கவில்லை. "தா மாவ்," என்றாள். மாட்டேன் என்று அர்த்தம். சொல்லிவிட்டு வாசல்படியிலேயே சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். என் கால் என்னைக் கேட்காமலே மடங்கியது. நானும் உட்கார்ந்தேன். பிள்ளை பெற்றவள் அழுதுகொண்டே உட்கார்ந்தாள். பின்னால் நின்ற தமிழச்சி, சீனத்தி எல்லாரும் உட்கார்ந்தார்கள்.

கப்பலுக்குப் போகவேண்டிய மூட்டைகளோடு மாட்டு வண்டிகள் உள்ளே நின்றன. எங்களைத் தாண்டித்தான் அவை வெளியே போகவேண்டும். மண்டோர் கத்தினான், கெஞ்சினான், பிறகு துரையைக் கூட்டிவர ஓடினான். துரை வந்து மலாயில் கேட்டார், என்ன வேண்டும் என்று. அக்கா என்னைப் பார்த்தாள். நான் எழுந்து நின்றேன். மலாயிலேயே சொன்னேன்: "எங்களைச் சோதிக்கணும்னா ஒரு பொம்பளையை வையுங்க. ஆம்பளை கை எங்க மேல படக்கூடாது."

அவர் பார்வை எங்களை விட்டு வண்டிகளுக்குப் போனது. சரி என்றார்.

மறுநாளே ஒரு பெண் வாசலில் உட்கார்ந்திருந்தாள். எங்களுக்கு எப்படி இருந்தது தெரியுமா? சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனோம். மண்டோரை மட்டும் வேலையை விட்டு அனுப்பவில்லை. வாசலிலிருந்து அவனை உள்ளே மாற்றினார்கள், அவ்வளவுதான்.

அந்தச் சந்தோஷம் ரொம்ப நாள் நீடிக்கவில்லை. சாதாரண உடையில் போலீஸ்காரர்கள் கிடங்குக்கு வந்தார்கள். படியில் முதலில் உட்கார்ந்தது யார், எழுந்து பேசியது யார் என்று மண்டோர் விரல் நீட்டிக் காட்டினான். எங்கள் ரெண்டு பேரிடமும் அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: எங்கே பிறந்தாய்?

நான் பினாங்கு என்றேன். அவள் சீனாவில் தன் கிராமத்தின் பேரைச் சொன்னாள். இங்கே பிறந்தவளை நாடு கடத்த முடியாதாம், என்னை அதட்டி விட்டுவிட்டார்கள். தடை செய்த ஏதோ சங்கத்தில் சேர்ந்தவள் என்று சொல்லி அவளைக் கொண்டுபோனார்கள். அவளா சங்கத்தில் சேர்ந்தாள்? வாரம் முழுக்கக் கிராம்பு பொறுக்கிவிட்டு, லீவு நாளில் துணி துவைத்துக்கொண்டு கிடந்தவள்! விசாரணை என்று ஒன்றும் நடக்கவில்லை. நாடு கடத்தப்போகிறார்கள் என்ற பேச்சு மட்டும் வந்தது.

அவள் தங்கியிருந்த அறைக்குப் போனேன். கூட இருந்த பெண்கள் அவளுடைய துணிகளையும் போர்வையையும் மூட்டையாகக் கட்டிக் கொடுத்தார்கள். போலீஸ் வரும் பயத்தில் அவர்கள் யாரும் வரவில்லை. நான் சிறைச்சாலை வாசலில் போய் நின்றேன். அங்கே காவலுக்கு இருந்தவனும் தமிழன்தான்.

"நீ அவளுக்கு என்ன உறவு?"

"கூட வேலை செய்யுறவ."

"அது உறவா? ஊட்டுக்குப் போ தங்கச்சி. நீ இங்க பொறந்தவ, உனக்கு எதுக்கு இந்த வம்பு?"

"மூட்டையை மட்டும் குடுத்துடுங்கண்ணே. கப்பல்ல குளிரும்."

அவன் வாங்கவில்லை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் திரும்பி நடந்தேன். அடுத்த வாரம் கப்பல் போய்விட்டது என்று சொன்னார்கள். அவள் கையில் போர்வைகூட இல்லை.

பிறகும் நான் அந்தக் கிடங்கில் வேலை செய்தேன். புதிதாக வந்த பெண்கள், இந்தத் துரை தங்கமானவர், பொம்பளைகளைச் சோதிக்கப் பொம்பளையையே வைத்திருக்கிறார் பாருங்கள் என்பார்கள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு, அந்த வாசலில் யார் உட்கார்ந்தாள், அவளை என்ன செய்தார்கள் என்று ஒவ்வொருத்திக்கும் சொல்வேன். மண்டோர் காதில் விழட்டும் என்றே சத்தமாகச் சொல்வேன்.