ஒன்பது செக்கன்

போன செவ்வாய்க்கிழமை கல்லடிச் சலூன் ஒன்றில் தலைமயிர் வெட்டக் கதிரையில் இருந்தேன். எழுபத்து மூன்று வயதில் வெட்டுவதற்கு என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். காதுக்கு மேலே கொஞ்சம் இருக்கிறது, அதற்கும் முழுக் கூலிதான். சலூன்காரத் தம்பி தன் கைபேசியைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் சாய்த்து ஏதோ பாட்டு ஓட விட்டிருந்தான். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தானாக வந்தது. ஒரு கிற்றார். பிறகு ஒரு பெண் குரல், இளம் குரல். ஒரு வரி பாடினாள். அதே வரியைத் திரும்பவும் பாடினாள். மூன்றாவதாக வேறொன்று சொல்லி முடித்தாள்.

"சேர், தலைய ஆட்டாதீங்க. காது போயிரும்."

"நான் ஆட்டல்ல தம்பி, எண்ணுறன்."

"என்னத்தய?"

"பன்னிரண்டு."

அவன் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டுக் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். கிழவனுக்குச் சீனி ஏறிவிட்டது என்று நினைத்திருப்பான்.

அமெரிக்கக் கறுப்பர்களின் புளூஸ் பாட்டை எனக்குப் பிடிக்கவைத்தது அந்தப் பன்னிரண்டுதான். நாலு தட்டுச் சேர்ந்து ஒரு கட்டம், பன்னிரண்டு கட்டம் சேர்ந்து ஒரு சுற்று. சுற்று முடிந்தால் திரும்ப முதலில் இருந்து. உலகத்தில் எது எங்கே முடியும் என்று தெரியாமல் பதறுகிற என்னைப் போன்ற ஆளுக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் பழைய ஆட்கள் இருக்கிறார்களே, ஒற்றைக் கிற்றாரும் தரையில் தட்டுகிற சப்பாத்துக் காலுமாய்ப் பாடியவர்கள், அவர்கள் சிலவேளை பதினொன்றரையில் திரும்பிவிடுவார்கள். சிலவேளை பதின்மூன்று போகும். மூச்சு முட்டினால் கட்டம் நீளும், கோபம் வந்தால் குறையும். ஆரம்பத்தில் எனக்கு அது பொறுக்காது. "இவருக்குக் கணக்குத் தெரியாது" என்பேன். பின்னால் நகரத்துக்குப் போய் மின்சாரக் கிற்றார் பிடித்தவர்கள் நாலைந்து பேராய்ச் சேர்ந்து வாசித்ததால் கணக்குச் சரியாக வந்தது. இப்போதுள்ள பிள்ளைகளோ ஒரு நூல் பிசகமாட்டார்கள். அந்தப் பெண்ணும் பிசகவில்லை. ஆனால் இரண்டாந்தரம் அதே வரியைப் பாடும்போது ஒரு சுரத்தை, மேலேயும் இல்லாமல் கீழேயும் இல்லாமல், நரம்பை இழுத்து நடுவில் நிறுத்தினாள். பழைய ஆட்கள் செய்த அதே வேலை. எனக்கு முழங்கை மயிர் எழும்பிவிட்டது.

அந்த இழுவையை எனக்கு முதலில் காட்டியவர் பீற்றர் அண்ணன். போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியர். பட்டணத்தில் றேடியோ திருத்தும் கடை வைத்திருந்தார். ஈயம் உருகுகிற மணமும் நாரத்தம்பழ மணமும் கலந்த கடை. நாரத்தம்பழம் எதற்கு என்று நான் கேட்டதே இல்லை. வெளிநாட்டுக்குப் போன ஒரு மச்சினன் விட்டுப்போன இசைத்தட்டுகள் அவரிடம் பதினேழு இருந்தன. அதில் ஆறு புளூஸ். மருந்துப் போத்தல் ஒன்றின் கழுத்தைச் சுண்டு விரலில் மாட்டி, கிற்றார் நரம்பில் வைத்து இழுப்பார். "இதுக்கு விரல் போதாது தம்பி, வயிறும் வேணும்" என்பார். அவருக்கு அது தாராளமாக இருந்தது.

அந்தக் கடைக்கு நாங்கள் இரண்டு பேர் போவோம். நானும் ஹனிபாவும். இருவருக்கும் ஒரே உத்தியோகம்: வாவியின் நீர்மட்டம் பார்ப்பது. பாலத்தடியில் நட்டிருந்த அளவுகோலைக் காலையில் ஒருதரம், பின்னேரம் ஒருதரம் பார்த்துப் புத்தகத்தில் எழுதவேண்டும். நான் கிரான் பக்கத்து ஆள், அவன் காத்தான்குடி ஆள். நான் புள்ளி தசமம் விடாமல் எழுதுவேன். அவன் தூரத்தில் நின்றே "நேத்துப் போலதான் மச்சான், போடு" என்பான். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். அதுதான் எனக்கு எரிச்சல்.

அவன் சவூதிக்குப் போனான், ஒரு கம்பனியின் பம்பு நிலையத்துக்கு. அவனைப் பெற்ற உம்மாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. அதனால் அந்நாளில் அந்த ஊரே செய்ததுபோல அவனும் கசெற்றில் பேசி அனுப்பினான். வீட்டு விலாசத்துக்கு அனுப்பினால் ஒழுங்கைக்குள் தவறிவிடும் என்று நான் வேலை செய்த கந்தோரின் விலாசத்துக்கு வரும். முதற் பக்கம் உம்மாவுக்கு அவன் பேச்சு. இரண்டாம் பக்கம் எனக்குப் பாட்டு. அங்கே ஓர் அமெரிக்க இஞ்சினியரிடம் இரவல் வாங்கிப் பதிந்த புளூஸ். நான் உம்மாவின் பக்கத்தைக் கேட்கமாட்டேன். என் பக்கத்தைப் பிரதி எடுத்துக்கொண்டு, சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுப்பேன். உம்மா கேட்டு, அழுது, சிரித்து, மூன்று நாளில் அவன் பேச்சுக்கு மேலேயே தன் பதிலைப் பேசித் தருவார். இரண்டாம் பக்கத்தில் நான் பீற்றர் அண்ணன் கடையில் புதுப் பாட்டுப் பதிந்து தபாலில் போடுவேன். புதுக் கசெற் எவரும் வாங்கவில்லை. ஒன்று அங்கே, ஒன்று இங்கே, இரண்டே இரண்டு கசெற் மூன்று வருடம் கடல் தாண்டிப் போய்ப் போய் வந்தன. ஒவ்வொரு பேச்சும் முந்திய பேச்சை அழித்தது. அதில் யாருக்கும் குறை தோன்றவில்லை. பேசுகிறவன் உயிரோடு இருக்கிறான், இன்னொன்று வரும்.

ஒரு நாள் உம்மாவின் பதில் கசெற் என் மேசை லாச்சிக்குள் இருந்தது. நான் பின்னேர அளவு பார்த்துவிட்டு அவசரமாக வந்து, லாச்சியைத் திறந்து, கைக்குப் பட்டதை எடுத்துக்கொண்டு பீற்றர் அண்ணன் கடைக்குப் போனேன். வழக்கம்போல இரண்டாம் பக்கத்தைப் போட்டு, ஆறு புளூஸ் இசைத்தட்டுகளில் நல்லதாய் ஒரு பாட்டைப் பதிந்தோம். பாட்டு முடிந்ததும் பதிவை நிறுத்தினோம். கந்தோருக்குத் திரும்பி வந்து லாச்சியைத் திறந்தால் உள்ளே ஒரு கசெற் இருக்கிறது.

என் கையில் ஒன்று. லாச்சியில் ஒன்று. இரண்டு தரம் எண்ணினேன்.

கந்தோர்ப் பியோன் சொன்னார்: "காலம்பற காத்தான்குடி ஆள் ஒராள் வந்து தந்திட்டுப் போனார். சவூதியால வந்தவராம். நான்தான் லாச்சிக்குள்ள போட்டன்."

அப்படி மூன்றாவது ஒன்று வந்திருந்தது. ஊருக்கு வந்தவரின் கையில் ஹனிபா அவசரமாய்க் கொடுத்துவிட்ட புதுக் கசெற். ஒரே நிறம், ஒரே கம்பனி. அவன் ஒருநாளும் மேலே பேர் எழுதியவன் அல்ல. போட்டுப் பார்த்தேன். முதற் பக்கம் வெறுமை. அவசரத்தில் அவன் இரண்டாம் பக்கத்தில் பேசியிருக்கிறான். அவன் பேசிய இடம் முழுக்க இப்போது என் புளூஸ். பாட்டு முடிந்து, ஒரு "டக்" சத்தம், அதற்குப் பிறகு பேச்சின் வால் நுனியில் அழியாமல் மிஞ்சிய அவன் குரல்:

"அதத்தான் சொல்ல வந்தன் உம்மா. ஒருத்தருக்கும் சொல்லாதீங்க. வெக்கிறன், என்ன?"

ஒன்பது செக்கன்.

வாவி மட்டத்தை அரை அங்குலம் தவறாமல் எழுதுகிறவன் இரண்டுக்கும் மூன்றுக்கும் வித்தியாசம் பார்க்கவில்லை. எதைச் சொல்ல வந்தான்? கலியாணமா, நோயா, கம்பனியில் தகராறா? அன்றிரவே அவனுக்குக் கடிதம் எழுதினேன். "மச்சான், உன்ட பேச்ச அழிச்சிட்டன். மன்னிச்சிக்க. திரும்பப் பேசி அனுப்பு, நான் வாயத் திறக்கமாட்டன்." பேச்சு வழக்கில் நான் எழுதிய ஒரே கடிதம் அது.

உம்மாவிடம் என்ன சொல்வது? கொண்டுவந்தவர் முதல் வேலையாக அவரிடம் போய், மகன் கசெற் தந்தான், கந்தோரில் கொடுத்தேன் என்று சொல்லிவிட்டார். வரவே இல்லை என்று சொல்ல வழியில்லை. அந்த ஒன்பது செக்கனோடு கொடுத்தால், முன்னால் என்ன சொன்னான் என்று கேட்பார். நான் அந்தப் பாட்டை மட்டும் வேறொரு கசெற்றில் பிரதி எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"இந்த முறை பாட்டு மட்டும்தான் வந்திரிக்கி உம்மா."

"பேசல்லியா?"

"இல்ல உம்மா."

அவர் முக்காட்டை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தார். "விசர்ப் பொடியன். உம்மாக்குப் பாட்டு அனுப்புறானாம், பாட்டு. வரட்டும், காதத் திருகுறன்."

பன்னிரண்டாம் நாள் தந்தி வந்தது. பம்புக் கொட்டகைக்குள் விழுந்தானாம். அங்கேயே அடக்கிவிட்டார்கள். என் கடிதம் நாற்பத்தோராம் நாள் உடைக்கப்படாமல் திரும்பி வந்தது.

வீட்டில் அவன் குரல் என்று ஒன்றும் இல்லை. மூன்று வருடப் பேச்சின் மேல் உம்மாவே தன் குரலைப் பதிந்து பதிந்து அனுப்பியிருந்தார். மிஞ்சியது, மகன் கடைசியாக அனுப்பியது என்று நான் கொடுத்த அந்தப் பாட்டு. அமெரிக்கத் தென்பகுதிக் கிழவன் ஒருவன் கிற்றாரும் காலுமாய்ப் பாடியது. அதைத்தான் உம்மா கேட்டார். தினமும் பின்னேரம் அசர் தொழுதுவிட்டு, சத்தத்தைக் குறைத்து வைத்து. வீட்டுக்குள் பாட்டு வைப்பது சரியில்லை என்று அவருடைய தம்பி ஒருநாள் சொன்னபோது நான் அங்கே இருந்தேன். "இது பாட்டில்லடா. என்ட மகன்ட கடிதம்" என்றார் உம்மா. தம்பி செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

நான் மாதத்தில் ஒருதரம் போவேன். இடையில் பாதை மூடிய காலங்கள் வந்தன. தமிழர், முஸ்லிம்கள் என்று ஊர் பிரிந்து, உங்கள் ஆட்கள், எங்கள் ஆட்கள் என்று ஆன காலங்கள். ஒருமுறை பதினொரு மாதம் போகமுடியவில்லை. மின்சாரம் இல்லாத நாட்களில் மருமகப் பொடியனிடம் சைக்கிளைக் குத்தி நிறுத்தி மிதிக்கச் சொல்லி, டைனமோவில் கேட்டாராம். அவன் களைத்தால் பாட்டும் களைக்கும். திரும்பப் போன அன்று, அந்த உம்மா, ஓர் இங்கிலீசுச் சொல் தெரியாதவர், எனக்குப் புளூஸ் சொல்லித் தந்தார்.

"நான் நல்லாக் கேட்டுப் பாத்துட்டன் மனே. ஒருதரம் கூப்பிடுறான். ஆரும் ஏனெண்டு கேக்கல்ல. திரும்பயும் அதையே கூப்பிடுறான். அப்பயும் ஒருத்தருமில்ல. பொறகு மூணாந்தரம் அவனே மறுமொழி சொல்லிப்போட்டு இரிக்கான்."

நான் எத்தனையோ கட்டங்கள் எண்ணியிருக்கிறேன். இந்த இசையைப் பற்றி நாலைந்து புத்தகம் வாசித்திருக்கிறேன். இதற்கு மேல் ஒருவரும் சொன்னதில்லை.

கடைசியாக அவர் படுக்கையில் கிடந்தபோது ஒரு முடிவோடு போனேன். சட்டைப்பையில் அந்த மூன்றாவது கசெற். மகனின் ஒன்பது செக்கனைக் கேட்கவைத்துவிட்டு, காலைப் பிடித்துக்கொள்வது. பயத்தில் பாதி வழியில் இறங்கிச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனேன். நான் வாய் திறப்பதற்குள் அவர் கையால் அருகில் கூப்பிட்டார்.

"நீங்க இங்கிலீசு படிச்ச ஆள். இம்பட்டுக் காலமும் கேக்க வெக்கமாக் கிடந்திச்சி. அந்தப் பாட்டுல என்ன சொல்றான், சொல்லுங்க மனே."

உண்மையில் அந்தப் பாட்டில் ஒருவனின் பெண்சாதி பக்கத்து வீட்டுக்காரனோடு போய்விடுகிறாள். போகும்போது அவன் கழுதையையும் கொண்டுபோய்விடுகிறாள். அவனுக்குக் கழுதையைப் பற்றித்தான் கவலை அதிகம்.

"சுகமா இரிக்கன் எண்டு சொல்றான் உம்மா."

"ரெண்டாந்தரம்?"

"அதையேதான். சுகமா இரிக்கன் எண்டு."

"மூணாந்தரம்?"

நான் சட்டைப்பையைப் பொத்திக்கொண்டிருந்தேன். கசெற் பெட்டியின் கூர்மூலை விரலில் குத்தியது. எடுத்து வைத்திருக்கலாம். கசெற் போடுகிற இயந்திரம் அவர் தலைமாட்டில்தான் இருந்தது.

"வந்திருவனாம், அழவேணாமாம்."

"அதுதானே," என்றார், "எனக்கும் அப்பிடித்தான் விளங்கிச்சி." கண்ணை மூடிக்கொண்டார். ஆறு நாளில் மௌத்தாகிவிட்டார்.

பீற்றர் அண்ணன் பிள்ளைகளோடு வெளிநாட்டுக்குப் போனார், அங்கேயே முடிந்தார். கடையில் இப்போது கைபேசி உறை விற்கிறார்கள். பாலத்தடி அளவுகோலைப் பிடுங்கிவிட்டார்கள். மட்டம் இப்போது தானாக எங்கோ கணினிக்குப் போகிறதாம், ஒருவரும் இறங்கிப் பார்ப்பதில்லை. உம்மாவின் வீடு இருந்த இடத்தில் மூன்று மாடிப் புடவைக்கடை. சலூனில் கேட்ட பெண்ணின் பாட்டுகளை மகள் என் கைபேசியில் ஏற்றித் தந்திருக்கிறாள். இருபத்திரண்டு. நல்ல பாட்டுகள். ஆனால் இரண்டாவது வரிக்கும் மூன்றாவது வரிக்கும் இடையில் வருகிற அந்தச் சிறு வெளியில் நான் எழும்பிப் போய் முற்றத்தில் நின்றுவிடுகிறேன்.

ஒன்பது செக்கனையும் கைபேசியில் ஏற்றலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். மகளும் கேட்டாள். ஏற்றவேண்டுமென்றால் இன்னொருவர் கேட்கவேண்டும். ஒருத்தருக்கும் சொல்லாதே என்று அவன் சொல்லியிருக்கிறான். ஆகவே நான் மட்டும் கேட்கிறேன். ஒவ்வொருமுறை ஓடும்போதும் நாடா கொஞ்சம் தேயும் என்று தெரியும். அதனால் வருடத்தில் ஒருதரம், சில வருடங்களில் அதுவும் இல்லை. போன மாசிக்கு முன் முப்பது தரம். போன மாசியில் போட்டபோது "அதத்தான் சொல்ல வந்தன்" கேட்டது. "ஒருத்தருக்கும் சொல்லாதீங்க" கேட்டது. இரண்டுக்கும் நடுவில் "உம்மா" இல்லை. திரும்பச் சுற்றிப் போட்டேன், அது முப்பத்திரண்டாந்தரம். அந்த இடத்தில் ஓர் இரைச்சல் மட்டும், அரைச் செக்கன் இருக்கும்.