ஒருத்தி மட்டும் பார்த்த பேய்ப் படம்

"கம்சலா, இந்தப் பேய்க்கு என்ன வேணும்?"

கந்தப்பன் மாமா என்னிடம் இப்படிக் கேட்டபோது எனக்குப் பன்னிரண்டு வயது. முகம் முழுக்கக் கோதுமை மாப் பசை காய்ந்து வெடித்திருந்தது. வாயைத் திறந்தால் மா உதிரும். அதனால்தான் நான் பேசாமல் இருக்கிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டார். உண்மையில் எனக்குப் பதில் தெரியவில்லை. ஆட்களைப் பயமுறுத்துவதைத் தவிர ஒரு பேய்க்கு வேறு என்ன வேண்டும்?

அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்தேன். உயர்தரப் பரீட்சை முடிந்து வீட்டில் சும்மா இருக்கிற இந்த மாதங்களில்தான் அது முடிந்தது. அதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

கந்தப்பன் மாமா 1966இல் எங்கள் தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசனில் பிறந்தவர். ஹாலிஎலையில் பஸ் இறங்கி அரை மணி நேரம் ஏறினால், தொழிலாளர் வரிசை வீடுகளான அந்த லயம் வரும். அவருடைய அப்பா தேயிலை ஸ்டோரில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்தார். மாசி மாதம் மன்மதன் எரிந்த கதையான காமன் கூத்து நடக்கும்போது, வீரபத்திரன் வேஷக்காரர் கத்திக்கொண்டு ஓடி வந்தால் பிள்ளைகள் எல்லோரும் தங்கள் வீட்டுக் காம்பராவுக்குள் ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். ஒன்பது வயதில் கந்தப்பன் மட்டும் ஓடவில்லை. வீரபத்திரனுக்குப் பின்னால் போனார். லயத்துக்குப் பின்பக்கம் அந்த ஆள் குந்தியிருந்து, தனியாகப் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தாராம். பயம் அன்றைக்கே போய்விட்டது என்று மாமா சொல்வார். பிறகு, "அந்தாளு பாவம், தாயி. சாயம் பூசிட்டா யாரும் கிட்ட வந்து பேச மாட்டாங்க" என்பார்.

எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. பதுளையில் ஒரு ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்து படம் கழுவப் பழகினார். 1992இல் சவூதியிலிருந்து வந்த ஒருவரிடம் தோளில் வைத்துப் பிடிக்கிற பெரிய வீடியோ கெமரா ஒன்றை வாங்கினார். அதன் பிறகு அவர் பெயர் வீடியோ கந்தப்பன். கல்யாணம், சடங்கு, கோயில் திருவிழா, எல்லாவற்றுக்கும் அவர்தான். லீலாதேவி மாமியைக்கூட ஒரு கல்யாண வீட்டில் கெமராவுக்குள்ளேதான் முதலில் பார்த்தாராம். "அந்தக் கல்யாணக் கெசட்டுல பொண்ணு மாப்பிள்ளையை விட நான்தான் கூட இருப்பேன்" என்று மாமி இன்றைக்கும் சிரிப்பார்.

1995இல் பண்டாரவளை வீடியோ கடையில் மட்டை இல்லாத ஒரு கெசட் கிடைத்தது. யாரும் எடுப்பதில்லை, வேண்டுமானால் கொண்டு போங்கள் என்று கடைக்காரர் சும்மாவே கொடுத்தார். படத்தின் ஆரம்பத்தில் யாரோ கிரிக்கெட் ஆட்டம் ஒன்றைப் பதிந்திருந்தார்கள். அது முடிந்ததும் படம் பாதியிலிருந்து தொடங்கியது. கிணற்றுக்குள் ஒரு பூதம் வாழ்கிறது. ஊரே அதைக் கொல்லத் தேடுகிறது. அது தன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு மூலையில் ஒளிந்திருக்கிறது. பேச்சு ஒன்றும் விளங்கவில்லை. கடைசியில் ஓடிய எழுத்துகளில் மெக்சிகோ என்ற சொல்லை மட்டும் மாமா எழுத்துக்கூட்டி வாசித்தார். எடுத்தவர் பெயர் எது, நடித்தவர் பெயர் எது என்று தெரியவில்லை. அதனால் அவருக்கு அந்த டைரக்டர் எப்போதும் 'மெக்சிகோக்காரர்'தான்.

"எங்கயோ இருக்கிற ஆளு. நம்ம காமன் கூத்தைப் பாத்திருக்கவே மாட்டாரு. ஆனா லயத்துக்குப் பின்னால குந்தியிருந்த வீரபத்திரனைப் பாத்திருக்காரு" என்றார் மாமா.

அதற்குப் பிறகு அவர் தடித்த அட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பியில் பேய்களாக வரையத் தொடங்கினார். மூன்று வருடத்தில் ஐந்து கொப்பி நிறைந்தது. 1998இல் படமே எடுக்கத் துணிந்தார். பெயர் 'ஆறாம் நம்பர் மலை'; எங்கள் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிற மலைகளுக்கு நம்பர்தான் பெயர். செத்துப்போன ஒரு சின்னப் பெண் அந்தியில் கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு வருகிறாள். பொம்பளைகள் இறக்கிவைத்த கூடைகளை ஒவ்வொன்றாக மோந்து பார்க்கிறாள். எது தன் அம்மாவின் கூடை என்று தேடுகிறாள். அவ்வளவுதான் கதை.

அந்தப் பேய் நான்தான். ஏன் என்னைத் தெரிந்தெடுத்தீர்கள் என்று கேட்டதற்கு, "நீ கண்ணை மூடாம ரொம்ப நேரம் பாக்குற" என்றார். என் அம்மா சந்திரகாந்தி அப்போது குவைத்தில் வீட்டு வேலை செய்துகொண்டிருந்தார். போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில்தான் படப்பிடிப்பு. இரத்தத்துக்குக் கித்துல் பாணி என்கிற பனைப்பாகில் சிவப்புச் சாயம் கலந்தார். எறும்பு மொய்த்து நான் குதித்ததைப் பேய் துடிக்கிறது என்று அப்படியே எடுத்துக்கொண்டார். பனிப்புகைக்கு ஹல்துமுல்லைக்குப் போனோம். அங்கே மூன்று மணிக்கு மலையிலிருந்து மூடுபனி தானாக இறங்கும். "மெக்சிகோக்காரருக்கு மெஷின் வேணும். நமக்கு பஸ் டிக்கெட் போதும்" என்றார் மாமா. நாங்கள் பஸ்ஸில் திரும்பும்போது என் முகத்தில் மா சரியாகப் போகவில்லை. கொண்டக்டர் என்னைப் பார்த்துவிட்டு டிக்கெட் கேட்கவே இல்லை.

கடைசிக் காட்சி மட்டும் மிச்சம் இருந்தபோது நான் பெரியவளானேன். அத்தை பிடிவாதமாக நின்றார்.

"வயசுக்கு வந்த பிள்ளைக்குப் பேய் வேஷமா? காத்துக் கருப்பு அண்டிரும். வீடியோகாரனுக்கு வேற ஆளே இல்லையா?"

என் அப்பா வீரய்யா அதிகம் பேசாதவர். "வேணும்னா நீ போய் நடி. மேக்கப் செலவும் மிச்சம்" என்றார் அத்தையைப் பார்த்து. அத்தை இரண்டு வாரம் எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. ஆனால் கடைசிக் காட்சி எடுக்கப்பட்டது. அம்மாவாக நடித்த லீலாதேவி மாமி தன் உள்ளங்கையை நீட்டுவார். நான் அதை மோந்து பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்காருவேன்.

என் சடங்கையும் மாமாதான் வீடியோ எடுத்தார். எங்கள் பக்கத்தில் தாய் வெளிநாட்டில் இருந்தால் சடங்கு கெசட்டை அனுப்புவது வழக்கம். மஞ்சள் நீர் ஊற்றுவது, தாய்மாமன் சீர் வைப்பது எல்லாம் முடிந்த பிறகு, உறவுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கெமரா முன்னால் வந்து அந்தத் தாயிடம் இரண்டு வார்த்தை பேசுவார்கள். நான் வந்து, "அம்மா, நான் நல்லா இருக்கேன். நீங்க நல்லா இருக்கீங்களா?" என்று மட்டும் சொன்னேன். வேறு எதுவும் வரவில்லை.

இனி நடந்ததைக் கவனமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இதில் யாரும் பிழை செய்யவில்லை.

அது யுத்த காலம். பதுளைக்குப் போகும் வழியில் சோதனைச் சாவடி இருந்தது. பெயர் எழுதாத வீடியோ கெசட்டோடு ஒரு தமிழ் ஆள் அகப்பட்டால் நூறு கேள்வி வரும். கெசட்டும் திரும்பக் கிடைக்காமல் போகலாம். சடங்கு கெசட் என்றால் மேலே குத்துவிளக்குப் படம் ஒட்டி, பெண்பிள்ளையின் பெயர் போட்டிருக்கும். அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள். மாமா பதுளையில் நண்பர் ஒருவரின் கெசட் ஓட்டும் இரண்டு டெக்குகளை வைத்துப் படத்தை வெட்டி ஒட்டினார். ஐம்பத்திரண்டு நிமிடம் வந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுவர என் சடங்கு லேபலில் மிஞ்சிய ஒன்றை எடுத்துப் படக் கெசட்டில் ஒட்டினார். இப்படி அவர் வீட்டு அலுமாரியில் 'கம்சலா சடங்கு 1999' என்று இரண்டு கெசட் இருந்தன.

பதுளை ஸைனப் அக்காவும் குவைத்தில் வேலை செய்தவர். லீவில் வந்திருந்தார். அவரிடம்தான் சடங்கு கெசட்டைக் கொடுத்தனுப்புவதாக இருந்தது. அவருடைய பயணம் திடீரென்று முந்திவிட்டது. ஓட்டோவை ரோட்டில் நிறுத்திவிட்டு ஓடி வந்தார். மாமா அப்போது பண்டாரவளையில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். மாமி அலுமாரியைத் திறந்து, மேல் தட்டில் இருந்ததை எடுத்துக் கொடுத்தார். சடங்கு மேல் தட்டில் இருக்கிறது என்று மாமாதான் சொல்லி வைத்தார் என்கிறார் மாமி. கீழ்த் தட்டு என்றுதான் சொன்னேன் என்கிறார் மாமா. ஆறு வருடமாக இந்தச் சண்டை தீரவில்லை.

அதே பண்டாரவளைக் கல்யாணத்தைத்தான் மாமா, படம் எடுத்த பழைய கெசட்டுகளுக்கு மேலேயே பதிந்துகொண்டிருந்தார். எல்லா வீடியோகாரர்களும் அப்படித்தான் செய்வார்கள். அதுதான் முழுப் படமும் ஒரு கெசட்டில் இருக்கிறதே.

இரண்டு வாரம் கழித்து ஞாயிறு மாலை ஐந்து மணிக்குத் தோட்டத்துக் கிளப்பில் படம் போடுவதாக ஏற்பாடு. மூன்று டிவிசன் சனமும் வந்தது. மாமா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கெசட்டை டெக்குக்குள் தள்ளினார். திரையில் குத்துவிளக்கு வந்தது. பிறகு நான், பட்டுச் சேலையில்.

"பேய் அழகாத்தான் இருக்கு!" என்றார் ஒருவர்.

"பொறுங்கப்பா, இப்பத்தான் வரும்."

என் தாய்மாமன் தட்டோடு நடந்து வந்தார்.

"அந்தா வந்துருச்சு பேய்!"

கிளப்பே சிரித்தது. நான் மாமியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். மாமா மட்டும் சிரிக்கவில்லை. டெக்கின் பக்கத்தில் அப்படியே நின்றார். சடங்கு முழுக்க ஓடி, நான் "நீங்க நல்லா இருக்கீங்களா?" என்று கேட்கும் வரை அவர் அதை நிறுத்தவில்லை. படத்தை ஏன் முன்னாலேயே போட்டுப் பார்க்கவில்லை என்று பிறகு அப்பா கேட்டார்.

"வெட்டி ஒட்டும்போது பாத்துப் பாத்து அலுத்துப் போச்சுண்ணே. அடுத்த தடவை சனத்தோட உக்காந்து புதுசா பாக்கணும்னு இருந்தேன்."

அம்மா மாதத்தின் முதல் வெள்ளி ஹாலிஎலை கொமியூனிகேஷன் கடைக்குப் போன் எடுப்பார்; நாங்கள் அங்கே போய்க் காத்திருப்போம். அந்த வெள்ளி மாமாவும் எங்களோடு வந்தார். நான் ஹலோ சொல்வதற்கு முன்பே அம்மா அழத் தொடங்கிவிட்டார்.

"என்னடி இது? முகமெல்லாம் வெடிச்சுக் கிடக்கு. சோறு போடுறாங்களா இல்லையா?"

"அது மா, அம்மா. வேஷம்."

"வேஷம்னு பொறவுதான் தெரிஞ்சுச்சு. முதல்ல நெஞ்சே நின்னுபோச்சு. அப்புறம் நீ கூடை கூடையா மோந்து பாத்தியே... ஸ்திரி போடுற ரூம்ல வச்சு ஏழு தடவை பாத்துட்டேன்டி. அந்தப் பொம்பளை கையை நீட்டுறப்ப நானும் நீட்டுறேன்."

பேய்க்கு என்ன வேணும் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் போனை மாமாவிடம் கொடுத்தேன்.

"அக்கா, உலகத்துல அந்தப் படத்துக்கு அது ஒண்ணுதான் இருக்கு" என்றார் அவர். "யாராவது வந்தா குடுத்து விடுறீங்களா?"

அந்தப் பக்கம் அம்மா என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. மாமா நெடுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "சரிக்கா. வச்சிருங்க. நீங்க வர்றப்ப கையோட கொண்டு வாங்க" என்றார்.

வெளியில் வந்ததும் அப்பா கோபப்பட்டார். "ஏன் அப்படிச் சொன்னே? ஒரு வருசமா கஷ்டப்பட்டு எடுத்தது."

"அவங்ககிட்ட பிள்ளையோட போட்டோகூட இல்லையாம்ணே. இது ஒண்ணுதானாம்."

அம்மா 2002இல் வந்தார். கெசட் வரவில்லை. அவர் வேலை செய்த குடும்பம் ஒரே நாளில் வேறு நாட்டுக்குக் கிளம்பியது. பெட்டி கட்ட ஒரு மணி நேரம்தான் கொடுத்தார்கள். பெட்டியில் வைத்தால் விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள் என்று யாரோ பயமுறுத்தவே, எதிர் வீட்டில் வேலை செய்த பெண்ணிடம் அம்மா கெசட்டைக் கொடுத்து, "ஊருக்குப் போறப்ப கொண்டு போ" என்றார். அந்தப் பெண்ணின் பெயர் தர்மிளா. பசறைப் பக்கம் ஒரு தோட்டம். தோட்டத்தின் பெயரை அம்மா கேட்டிருக்கிறார். ஆனால் மறந்துவிட்டார். அதற்காக அம்மா எவ்வளவு அழுதார் என்று நான் எழுதப் போவதில்லை.

அப்பாவும் மாமாவும் பசறையில் ஏறி இறங்காத தோட்டம் குறைவு. இரண்டு தர்மிளாக்கள் கிடைத்தார்கள். இருவரும் குவைத்துக்குப் போனதே இல்லை.

மாமா இப்போது சின்ன டிஜிட்டல் கெமராவில் கல்யாணம் எடுக்கிறார். வேறு படம் எடுக்கவில்லை. அந்தப் பொண்ணுப் பேய் வீடு வந்து சேராமல் இன்னொரு பேயைக் கூப்பிட மனம் வரவில்லையாம். சில ஞாயிறுகளில் எங்கள் வீட்டுக்கு வருவார். தேநீர் குடித்து முடித்ததும், "அக்கா, படத்தைச் சொல்லுங்க" என்பார். அம்மா முதலிலிருந்து சொல்வார். படத்தில் இல்லாததையும் சொல்வார். மழை பெய்தது என்பார். நாங்கள் மழையே எடுக்கவில்லை. பேய் ஒரு இடத்தில் சிரித்தது என்பார். மா உதிரும் என்பதால் நான் ஒரு தடவையும் சிரிக்கவில்லை. மாமா எதையும் திருத்துவதில்லை. ஓரிடத்தில் மட்டும், "அக்கா, அந்த இடத்தை இன்னொருக்கா சொல்லுங்க" என்று கேட்பார்.

அவருக்கு இப்போது முப்பத்தொன்பது வயது. ஒருநாள் நான் பதுளையில் இன்டர்நெட் கடைக்குப் போய் மெக்சிகோ பேய்ப் படங்களைத் தேடினேன். நூற்றுக்கணக்கில் வந்தன. கிணற்றுப் பூதம் எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. மாமாவிடம் சொன்னேன். "அவரை விடு தாயி. அவரு படத்தை நான் பாத்துட்டேன். என் படத்தைத்தான் இன்னும் சனம் பாக்கல" என்றார்.

நான் இதை எழுதியது அதற்காகத்தான். பசறையிலோ லுணுகலையிலோ மடுல்சீமையிலோ, 2002 அளவில் குவைத்தில் வேலை செய்த தர்மிளா என்ற பெண் இருந்தால், அல்லது அவருடைய வீட்டில் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு சடங்கு கெசட் கிடந்தால், ஒரு தடவை டெக்கில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு மேல் வேறு எதையாவது பதிந்திருந்தாலும் பரவாயில்லை, கோபப்பட மாட்டோம். மிச்சம் ஐந்து நிமிடம் இருந்தாலும் போதும். நீங்கள் அந்தப் பக்கத்து ஆளாக இல்லாவிட்டால், வெளிநாட்டில் வேலை செய்துவிட்டு வந்த ஒரு அக்காவிடமாவது இந்தக் கதையைச் சொல்லுங்கள். அவர் இன்னொருவரிடம் சொல்லட்டும்.