துண்டு போட்டுப் பிடித்த இடம்

காப்புரிமை அலுவலகத்தில் பரிசோதகராக இருக்கிறேன் என்று சொன்னால், எங்கள் ஆட்களில் பாதிப்பேர் நான் ஏதோ ஆய்வுகூடத்தில் வெள்ளைக் கோட்டுடன் நிற்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். மீதிப்பேர் "என்ன கண்டுபிடிச்சனீங்கள்?" என்று கேட்பார்கள். நான் ஒன்றையும் கண்டுபிடித்ததில்லை. ஒருவர் "இது என் கண்டுபிடிப்பு, உரிமை தாருங்கள்" என்று விண்ணப்பித்தால், அவருக்கு முன்பே உலகத்தில் யாராவது எங்காவது அதை வெளியே சொல்லியிருக்கிறார்களா என்று தேடுவதுதான் என் வேலை. சொல்லியிருந்தால் உரிமை கிடையாது. அம்மா நோர்வேயின் வடக்கு முனையில், பாட்ஸ்பியோர்ட் என்ற ஊரின் மீன் தொழிற்சாலையில், கீழிருந்து வெளிச்சம் வரும் மேசையில் மீன் சதையை விரித்து முள் தேடினார். நான் ஒஸ்லோவில் கணினித் திரையில் தேடுகிறேன். அவருக்கு விரல் விறைத்தது, எனக்குக் கழுத்துப் பிடிக்கிறது.

எனக்கு வருவது கம்பியில்லாத் தொடர்பு பற்றிய விண்ணப்பங்கள். பெரும்பாலும் பெரிய நிறுவனங்களின் வழக்கறிஞர்கள் எழுதியவை. ஒரு பக்கத்தில் சொல்லக்கூடியதை நூறு பக்கத்துக்கு இழுத்திருப்பார்கள். வாசித்து முடிக்கும்போது எனக்குப் பொதுவாக மனித குலத்தின் மீதே கோபம் வரும். அந்த வசந்த காலத்தில் வந்த ஒரு விண்ணப்பம் மட்டும் மெல்லிசாக இருந்தது. பதினான்கு பக்கம். படங்களை அவரே வரைந்திருந்தார். வழக்கறிஞர் இல்லை. ஒஸ்லோவின் ஓரத்தில், ஸ்டோவ்னரில் ஓர் அடுக்குமாடி முகவரி, தமிழ்நாட்டுப் பெயர்.

விஷயம் இதுதான். கோபுரம் இல்லாத இடத்தில் இரண்டு கைபேசிகள் நேரடியாகப் பேசிக்கொள்ள முடியும். ஆனால் காற்றில் உள்ள இடம் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒரே கட்டத்தில் இரண்டு பேர் பேசினால் இருவர் பேச்சும் கேட்காது. கோபுரம் இருந்தால் அது பங்கிட்டுக் கொடுக்கும். மலையில், பனிக்குள் கோபுரம் ஏது? ஒவ்வொரு கைபேசியும் தானே காது கொடுத்துக் கேட்டு, எந்தக் கட்டம் காலி என்று பார்த்துத்தான் வாய் திறக்க வேண்டும். கேட்பதற்கும் மின்சாரம் போகும். சார்ஜ் தீரப்போகிற கைபேசி, உதவி கேட்பதற்கு முன்பே கேட்டுக் கேட்டுச் செத்துவிடும்.

அவருடைய யோசனை: பக்கத்தில் சார்ஜ் நிறைய உள்ள கைபேசி அதற்காகக் கேட்கட்டும். காலிக் கட்டம் ஒன்றைப் பிடித்து வைத்து, "இந்தா, இது உனக்கு" என்று கொடுக்கட்டும். எதற்கெல்லாம் உரிமை வேண்டும் என்று விண்ணப்பத்தில் எண்ணிட்டு எழுதும் கோரல்களில் முதலாவது அது. ஆறாவது கோரல் அதன் தொடர்ச்சி. இடம் பிடித்துக் கொடுத்த கைபேசி விலகிப் போக நேர்ந்தால், போவதற்கு முன் அந்தப் பொறுப்பை இன்னொரு கைபேசியிடம் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும்.

எனக்குப் பிடித்துப்போனது. எனக்கு எதுவும் இலேசில் பிடிக்காது என்பது எங்கள் அலுவலக மாடி முழுக்கத் தெரிந்த விஷயம். நாலு நாள் தேடினேன். அமெரிக்கா, சீனா, கொரியா, எல்லா இடத்துக் காகிதங்களையும் கிண்டினேன். கிட்ட வந்தவை இருந்தன, இதைச் சொன்னது ஒன்றும் இல்லை. முள் இல்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, சாதகமான கடிதம் எழுதத் தொடங்கினேன்.

அந்த வாரத்தில்தான் அவர் தொலைபேசினார். விண்ணப்பதாரர் பரிசோதகரை அழைக்கலாம், தடையில்லை. ஆங்கிலத்தில் தொடங்கினார். என் பெயரைக் கேட்டார், சொன்னேன். "தமிழா மேடம்?" என்றார்.

"ஓம். ஆனா நாங்கள் விண்ணப்பத்தைப் பற்றி மட்டும் கதைப்பம்," என்றேன். என் குரல் எனக்கே கரகரத்துக் கேட்டது.

அவர் பணிவாகச் சொன்னார். வேலை செய்த நிறுவனம் ஒஸ்லோக் கிளையை மூடிவிட்டது. மீட்புக் கருவிகள் செய்யும் இன்னொரு நிறுவனம் அவரையும் அவருடைய யோசனையையும் சேர்த்து எடுக்கத் தயார். ஆனால் காப்புரிமை கிடைக்கும் என்று தெரிந்தால்தான். "முதல் கடிதம் எப்ப வரும்னு மட்டும் சொல்லுங்க மேடம். வீட்ல தினமும் கேக்கறாங்க." வரிசைப்படி வரும் என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகு அவர் மீது எரிச்சலாக வந்தது. எனக்குத் தெரியக்கூடாததை எல்லாம் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம், கடிதம் முக்கால்வாசி முடிந்திருக்க, வீட்டுக்கு, ஹொல்ம்லியாவுக்கு ரயில் ஏறினேன். எனக்கு எதிரே ஒருவர் பக்கத்து இருக்கையில் தன் பையை வைத்து, யாரும் உட்காராதபடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த ஊரில் அது சாதாரணம். நான் அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று ஒரு சொல் வந்தது: துண்டு.

எங்கேயோ வாசித்திருக்கிறேன். பஸ், ஜன்னல், துண்டு. வீடு வந்து சேருவதற்குள் எங்கே என்று தெரிந்துவிட்டது.

மகள் சனிக்கிழமைகளில் போகும் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு ஓர் ஆண்டு மலர் உண்டு. நாலு தமிழர் சேர்ந்தால் ஒரு சங்கம், சங்கம் என்றால் ஆண்டு விழா, விழா என்றால் மலர். பிள்ளைகளின் படங்கள், வாழ்த்துச் செய்திகள், கடை விளம்பரங்கள், நடுவில் "படித்தவர்கள்" எழுதும் கட்டுரைகள். மலர் ஆசிரியர் பெற்றோரில் ஒருவரைப் பிடித்தால் விடமாட்டார். எழுதித் தருகிறேன் என்று சொல்லும்வரை தொலைபேசியில் துரத்துவார். நானே இரண்டு வருடம் தப்பி ஓடியிருக்கிறேன். மலரை எல்லாரும் வாங்குவார்கள். தங்கள் பிள்ளையின் பக்கத்தைப் பார்ப்பார்கள், மூடி வைப்பார்கள்.

நானும் அப்படித்தான். மகள் வரைந்த எல்க் மான் ஒன்று அதில் வந்திருந்தது, கொம்பு வைத்த மாடு மாதிரி. எதிர்ப்பக்கத்தில் இருந்த கட்டுரையை, விழா அன்று பள்ளிக்கூட நடையில் அவளுக்காகக் காத்திருந்தபோது வாசித்திருந்தேன். குசினியில் சமையல் சாமான் தட்டிலிருந்து மலரை எடுத்தேன். அதே பெயர். "கோபுரம் இல்லாத இடத்திலும் பேசலாம்" என்பது தலைப்பு. கீழே இப்படி எழுதியிருந்தார்:

"எங்கள் ஊர்ப் பஸ்ஸில், கைக்குழந்தையோடு நிற்கும் பெண்ணால் முண்டியடித்து ஏற முடியாது. பலசாலி ஒருவர் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு அவருக்கு இடம் பிடித்துக் கொடுப்பார். சாகப்போகும் போனுக்கும் அப்படித் துண்டு போட ஆள் வேண்டும்."

அதற்குப் பிறகு துண்டு போடுவது எப்படி என்பதை ஒழுங்காக, படிப்படியாக விளக்கியிருந்தார். அவருடைய முதலாவது கோரல் முழுவதும் அங்கே இருந்தது. கட்டுரை சட்டென்று முடிந்து, கீழே பாதிப் பக்கத்துக்கு ஒரு சேலைக் கடை விளம்பரம். விழா நடந்து ஒன்பது நாள் கழித்துத்தான் அவர் விண்ணப்பத்தைப் போட்டிருக்கிறார்.

கண்டுபிடித்தவரே வெளியே சொல்லிவிட்டால், அமெரிக்காவில் என்றால் விண்ணப்பிக்க ஒரு வருட அவகாசம் உண்டு. இங்கே ஒரு நாள்கூடக் கிடையாது. நீங்களே சொன்னாலும் சொன்னதுதான். அவர் அதை யோசித்தே இருக்கமாட்டார். மலர் ஆசிரியர் கேட்டார், பிள்ளை படிக்கும் பள்ளிக்கூடம், மறுக்க முடியவில்லை, மனதில் அப்போது நிறைந்திருந்ததை எழுதிக் கொடுத்திருப்பார். மடையா, பொங்கலைப் பற்றி எழுதியிருக்கலாமே என்று நான் குசினியில் நின்று வாய்விட்டுத் திட்டினேன். மகள் எட்டிப் பார்த்து, யாரைத் திட்டுகிறாய் என்று நோர்வே மொழியில், நொர்ஸ்கில் கேட்டாள். எல்க்கை என்றேன். வெளிவராத விண்ணப்பத்தைப் பற்றி வீட்டில்கூட நான் கதைக்கக் கூடாது.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அந்த மலர் என் பையில் கிடந்தது. சனிக்கிழமை பள்ளிக்கூட நடையில் அவரைப் பார்த்தேன், மலரில் கட்டுரையோடு இருந்த படத்தால் அடையாளம் தெரிந்தது. ஒல்லியான மனிதர், மூலையில் தேநீருடன் நின்றார். நான் மற்றப் படியால் இறங்கிப் போனேன்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். மறைத்துவிடலாம் என்று நினைத்தேன். எங்கள் அலுவலகத்தில் தமிழ் வாசிக்கக்கூடியது நான் ஒருத்திதான். அந்த மலர் எந்தக் கணினியிலும் இல்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவருக்கு வேலை கிடைக்கும், வீட்டில் தினமும் கேட்பவர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள். யாருக்கும் ஒரு நட்டமும் இல்லை. ஆனால் ஒஸ்லோவில் தமிழ் தெரிந்த பொறியியலாளர் நான் மட்டுமா? எவனாவது ஒருநாள் மலரைக் காட்டி அந்தக் காப்புரிமையை உடைத்தால், அப்போது அவர் இன்னும் உயரத்திலிருந்து விழுவார்.

அது ஒரு காரணம். மற்றது எனக்கு இன்னும் சுட்டது. கொரிய மொழியில் ஒரு கல்லூரி மாணவன் எழுதியதைக்கூட மொழிபெயர்ப்பித்து வாசித்துச் சான்றாக வைக்கிறேன். இதை வைக்காவிட்டால், தமிழில் எழுதினால் எழுதியதாகாது என்று நானே சொன்ன மாதிரி இருக்கும். அதை நினைக்க எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது.

திங்கட்கிழமை பிரிவுத் தலைவியிடம் போனேன். "ஆளைத் தெரியுமா?" என்று கேட்டார். முகம் தெரியும், பழக்கமில்லை என்றேன். "காசு கொடுத்தால் யாரும் வாங்கக்கூடிய புத்தகமா?" ஆம். "அப்படியானால் அது சான்று. நீயே மொழிபெயர்."

துண்டு போடுவதை நொர்ஸ்குக்குக் கொண்டுவர அரை நாள் போனது. தலைவி வாசித்துவிட்டு, ஓடும் பஸ்ஸில் எதற்குத் துணி எறிகிறார்கள் என்று கேட்டார். நான் பிறந்ததும் வளர்ந்ததும் இங்கே, நானும் கண்ணால் கண்டதில்லை. தெரிந்ததைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. ஸ்பெயின் ஹோட்டல்களில் விடியற்காலை எழும்பி, நீச்சல் குளத்தடியில் துவாய் விரித்து இடம் பிடிக்கும் நோர்வேக்காரர்கள் நினைவுக்கு வந்திருக்கிறார்கள். "என் மாமியார் செய்வார்," என்றார்.

பிறகு மலரை ஒரு பக்கமும் விண்ணப்பத்தை மறுபக்கமும் வைத்து, வரி வரியாக ஒப்பிட்டேன். முதலாவது கோரல் போய்விட்டது. இரண்டு முதல் ஐந்து வரையும் போய்விட்டன. ஆறாவதுக்கு வந்தேன். துண்டு போட்டவர் இடையில் இறங்க வேண்டி வந்தால் என்ன செய்வார் என்பது கட்டுரையில் எங்கேயும் இல்லை. மூன்று தரம் தேடினேன். வேறு எந்தக் காகிதத்திலும் இல்லை என்று முன்பே தெரியும். கடிதத்தில் அப்படியே எழுதினேன்: ஒன்று முதல் ஐந்து வரை ஏற்கமுடியாது, ஆறாவது புதியது, அதற்குக் காப்புரிமை வழங்கலாம்.

கடிதம் போய் மூன்றாம் நாள் அழைத்தார். இந்த முறை நேரே தமிழ்தான்.

"மேடம், அந்த மலரை என் வீட்டம்மாகூடப் படிக்கல."

"நான் வாசிச்சனான்," என்றேன். "எனக்குக் கவலையாத்தான் இருக்கு. ஆனா ஆறாவதைப் பாருங்கோ. அது உங்களுக்குத்தான். இறங்கிப் போறவர் என்ன செய்வார் எண்டு நீங்கள் மலரிலை எழுதேல்லை."

"எழுதினேனே!" என்றார். "எழுதினேன் மேடம். கடைசிப் பத்தியே அதுதான். ஆசிரியர் விளம்பரத்துக்கு இடம் பத்தலன்னு வெட்டிட்டாரு. என்னைக் கேக்கவே இல்ல. நான் அவரோட சண்டை போட்டு, இன்னிக்கு வரைக்கும் பேசறதில்ல."

அந்த வெட்டுத்தான் ஆறாவதைக் காப்பாற்றியிருக்கிறது என்பது இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. பிறகு அவர் சிரிக்கத் தொடங்கினார். நானும் சிரித்துவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார், நான் வேலையில் சிரிப்பது குறைவு.

அவர் ஆறாவதை முதலாவதாக ஆக்கித் திருத்தி அனுப்பினார். அந்த நிறுவனம் ஒரு மாதம் இழுத்தடித்துவிட்டு, பேசியதைவிடச் சின்ன வேலையாகத்தான் கொடுத்தது. ஆனாலும் எடுத்துக்கொண்டது. துண்டு போடும் யோசனை இனி எல்லாருக்கும் பொது, யாரும் செய்யலாம். காப்புரிமை வழங்கப்பட்ட கடிதம் கிடைத்த அன்று கடைசியாக ஒருமுறை அழைத்தார். நன்றி சொன்னார். மலர் ஆசிரியர் வீட்டுக்கு இனிப்போடு போய் வந்ததாகச் சொன்னார். வைக்கப்போகிறார் என்று நினைத்தேன், வைக்கவில்லை.

"ஒண்ணு கேக்கலாமா மேடம்? நான் தமிழ்ல எழுதின முதல் கட்டுரை அது. உங்களத் தவிர யாரும் படிக்கல." கொஞ்சம் தயங்கினார். "நல்லா இருந்துச்சா?"

"நல்லா இருந்தது," என்றேன். "நல்லா இல்லாட்டி எனக்கு ரயிலிலை ஞாபகம் வந்திருக்காது."



"அப்ப சரிங்க மேடம்," என்றார்.