சந்தியாகுதுறை மணல்மேடும் பிளாரன்ஸ் அம்மாளும்

சந்தியாகுதுறையில் பிளாரன்ஸ் அம்மாளோடு சண்டையிடாத வீடு ஒன்றுகூட இல்லை. மீன் ஏலக்கூடத்தில் தராசைப் பற்றியும், தெருவில் சாக்கடையைப் பற்றியும், கோயிலில் ஒலிபெருக்கியைப் பற்றியும் அவர் வாதாடியிருக்கிறார். பெரும்பாலும் நியாயம் அவர் பக்கமே இருந்தது. அதனாலேயே எவருக்கும் அவரைப் பிடிக்கவில்லை. கணவர் பர்னபாஸ் சங்கு குளித்துக் காது இரண்டையும் கடலுக்குக் கொடுத்தவர். அவரிடம் எதையும் உரக்கவே சொல்ல வேண்டியிருந்தபடியால், அவ்வீட்டின் செய்திகள் யாவும் தெருவுக்குப் பொதுவாயின.

பிளாரன்ஸ் கருவாடு போடுகிறவர். ஊரின் வடகடைசியில் கடலோரமாக நீண்டு கிடக்கும் மணல்மேட்டின் சரிவில், மணமாகி வந்த நாள்முதல் சாளையும் நெத்திலியும் காயப்போட்டு, ஏரல் சந்தைக்குக் கொண்டுபோய் விற்று, மகள் பெனிஷாவை நாசரேத்தில் படிக்க வைத்தார். அம்மேடு பெய்கிற மழையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதன் அடிவாரத்து ஊற்றில் கோடையிலும் நல்ல தண்ணீர் கிடைக்கும். ஊர் முழுவதும் குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான்.

மேட்டுக்கு மேற்கே இருந்த பனங்காட்டை ஒரு மனைவணிக நிறுவனம் வாங்கி, 'பவளக்கரை நகர்' என்று வளைவு கட்டியது. கடலைப் பார்த்த வீட்டுமனைகள் என்று விளம்பரம் செய்தார்கள். ஆனால் மனையில் நின்றால் மணல்மேடு தெரிந்ததேயன்றிக் கடல் தெரியவில்லை. கடற்கரை விதிகளின்படி மேட்டில் கைவைக்க நிறுவனத்துக்கு வழியில்லை. ஆகவே அதன் முகவர் செந்தில்முருகன் ஊர்க் கமிட்டியைத் தேடி வந்தான். மேட்டை ஒட்டி மாதாவுக்குப் பாறைக்குகை வடிவில் ஒரு கெபி கட்டித் தருவதாகவும், அதற்காகக் கொஞ்சம் மண்ணைச் சமன்செய்ய ஊரின் சம்மதம் மட்டும் போதும் என்றும் சொன்னான். கெபி வேண்டாம் என்று சொல்ல அக்கரையில் ஒருவருக்கும் வாய் வராது. ஊரே கையெழுத்திட்டுக் கோயில் கேட்டால் அதிகாரிகளும் கேள்வி கேட்கமாட்டார்கள். இதை அவன் நன்றாகக் கணக்கிட்டிருந்தான்.

ஞாயிறு பூசை முடிந்ததும் கூட்டம் கூடியது. பிளாரன்ஸ் எழுந்தார்.

"மேட்டை வெட்டுனாத்தான் மாதா நிப்பாளோ? மேல வச்சா மாதாவுக்குக் கால் வலிக்குமோ?"

கமிட்டித் தலைவர் அமலன் அவருடைய கொழுந்தன். "மதினி, நல்ல காரியத்துக்கு நடுவுல நாக்கை நீட்டாதிய" என்றார்.

"கருவாடு காயப்போட எடம் போயிருமேன்னு சொல்லுதா" என்று பின்னாலிருந்து ஒருவன் சிரித்தான்.

"ஆமாலே, என் எடம் போவுது. கூடவே உன் குடிதண்ணியும் போவுதுலா."

செந்தில்முருகன் கைகூப்பினான். "அம்மா, கம்பெனி மினரல் வாட்டர் பிளான்ட் போட்டுத் தரும்."

"நீ அதைக் குடிச்சிக்கிட்டு அங்கனயே இரி."

கூட்டம் சிரித்தது, ஆனால் கை தூக்கியது கெபிக்கே. பிளாரன்ஸ் மறுநாளே கலெக்டர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தார். வேலை சில நாள் நின்றது. மாதாவின் காரியத்தை நிறுத்தியவள் என்று ஊர் அவரை விலக்கி வைத்தது. ஏலத்தில் அவர் கேட்ட விலை ஏலக்காரன் காதில் விழவில்லை. கடைக்காரர் ஜெபசிங் சரக்குகளுக்கு நடுவே நின்றுகொண்டே சரக்கு இல்லை என்றார்.

"அண்ணாச்சி, அந்தா தொங்குதது என்ன, உம்ம நாக்கா?" என்று கேட்டுவிட்டு பிளாரன்ஸ் வெறுங்கையோடு திரும்பினார்.

ஒரு காலையில் காயப்போட்ட நெத்திலி முழுவதிலும் மண்ணெண்ணெய் ஊற்றப்பட்டிருந்தது. ஊரார் கையெழுத்தைக் காட்டியதும் அவர் மனு தள்ளுபடியானது. சில நாளில் மேட்டின் மேற்குப் புறத்தைச் சுற்றித் தகரம் அடித்தார்கள். மேலேறும் ஒற்றையடிப் பாதையை முள் வெட்டிப் போட்டு அடைத்தார்கள். தகரத்துக்கு அப்பால் இயந்திரம் மறுபடியும் உறுமத் தொடங்கியது. மேட்டை முழுதாய்க் குடைகிறார்கள் என்று பிளாரன்ஸ் தெருத்தெருவாய்ச் சொன்னார். சண்டைக்காரியின் பேச்சு என்று ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

அக்டோபர் செபமாலை மாதம். மாதாவின் சிறு சிலையான சுரூபம் மாலைதோறும் ஒரு வீட்டுக்கு வரும். அங்கே ஊரார் கூடிச் செபமாலை சொல்வார்கள். மறுநாள் மாலைவரை மாதா அந்த வீட்டிலேயே இருக்க, அடுத்த வீட்டார் வந்து எடுத்துப் போக வேண்டும். விலக்கப்பட்ட வீடானாலும் மாதா தாண்டிப் போகக்கூடாது என்று பங்குச்சாமியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே பிளாரன்ஸின் முறை வந்தபோது, சுரூபத்தை வாசற்படியில் இறக்கிவைத்துவிட்டு அனைவரும் வந்த வழியே போனார்கள்.

"ஒருத்தரும் உள்ள வரமாட்டாவளாம்" என்று கணவரின் காதருகே கத்தினார் பிளாரன்ஸ்.

"அப்போ நாம வெளிய போவோம்" என்றார் பர்னபாஸ்.

பிளாரன்ஸ் முந்தானையை இழுத்துச் செருகினார். பிறகு சுரூபத்தை இடுப்பில் தாங்கிக்கொண்டார். பர்னபாஸ் துடுப்பால் முள்ளை ஒதுக்க, பொழுது சாயுமுன் இருவரும் மேட்டின் உச்சியில் மாதாவை அமர்த்திச் செபமாலை சொன்னார்கள், அங்கேயே தங்கினார்கள்.

காலையில் வந்த இயந்திர ஓட்டுநர் உச்சியில் மாதாவைக் கண்டதும் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். செந்தில்முருகன் வந்து ஏசினான். "நீ வேணும்னா ஓட்டு சார், நான் புள்ளகுட்டிக்காரன்" என்றான் ஓட்டுநர்.

மாலையில் அடுத்த வீட்டுக்காரி ஜெஸ்லின் அடிவாரத்தில் வந்து நின்று கூவினாள். "ஏளா பிளாரன்சு, மாதாவைக் காட்டுல கொண்டு வச்சிருக்கியே, நீ வெளங்குவியா? கீழ கொண்டா."

"அடுத்த வீட்டுக்காரிதான் வந்து எடுக்கணும். முறைய மாத்தணும்னா சாமியார்ட்ட போய்க் கேளு."

ஜெஸ்லின் திட்டிக்கொண்டே ஏறினாள். அவளுக்குப் பின்னால் பாடுகிறவர்களும், மெழுகுதிரி பிடித்தவர்களும், கடைசியில் அமலனும் செந்தில்முருகனும் ஏறினார்கள். உச்சியை அடைந்ததும் பாட்டு நின்றுபோயிற்று.

மேட்டின் மேற்குப் பாதி இல்லை. ஊர்ப்பக்கம் மட்டும் ஓடுபோல் நிற்க, உட்புறம் காலடிவரை குடைந்து கிடந்தது. வளைவிலிருந்து கடலை நோக்கிச் சிவப்பு வர்ணம் பூசிய கற்கள் இரண்டு வரிசையாக ஒரு சாலைக்கு நடப்பட்டிருந்தன. அந்த வரிசை நீண்டால் நேராக ஊற்றின் மேல்தான் போகும்.

"கெபி எங்கன?" என்று ஒருத்தி கேட்டாள்.

"அது செகண்ட் ஃபேஸ்ல வருதும்மா" என்றான் செந்தில்முருகன்.

ஜெஸ்லின் அவன் பக்கம் திரும்பினாள். "மாதா ரெண்டாவதாலே? அப்போ முதல்ல யாரு, உங்கம்மையா?"

அவன் குடைந்த பக்கமாகவே இறங்கியது நடை என்று சொல்வதற்கில்லை. மறுநாள் அமலனே கலெக்டர் அலுவலகம் சென்று ஊரின் சம்மதத்தைத் திரும்பப் பெற்றார். ஆய்வுக்கு வந்த அதிகாரிகள் வேலைக்குத் தடை விதித்தார்கள்.

இத்தோடு ஊர் பிளாரன்ஸைக் கொண்டாடியது என்று எழுதினால் அது பொய். மாதாவை அனுமதியின்றி முட்காட்டுக்குக் கொண்டுபோன குற்றத்துக்குக் கோயில் வாசலில் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று கமிட்டி தீர்மானித்தது. அமலன் நேரில் வந்து சொன்னார்.

"ஒரு வார்த்தை மதினி. கேட்டுட்டா எல்லாம் சரியாப் போயிரும்."

"வெட்டுன மண்ணைத் திரும்பக் கொண்டாந்து கொட்டு. பொறவு கேக்கேன்."

"பாதி மண்ணு லாரியில போயிட்டுல்லா."

"மீதி மனையிலதான் குவிஞ்சி கெடக்கு. கண்ணு தெரியலன்னா நான் வந்து காட்டுதேன்."

அடுத்த வாரம் கடலுக்குப் போகாத ஞாயிறன்று, ஆண்கள் ஓலைப்பெட்டிகளில் மணலைச் சுமந்து குழியில் கொட்டத் தொடங்கினார்கள். ஒருவரும் பிளாரன்ஸோடு பேசவில்லை. அவர் தம்பாட்டுக்கு, மணலைப் பிடித்து நிறுத்தும் அடம்பங்கொடிகள் பிடுங்கி எறியப்பட்டுக் கிடந்ததைப் பொறுக்கி, கொட்டிய மணலில் ஊன்றிக்கொண்டே போனார்.

"மன்னிப்புக் கேட்டியா?" என்று பர்னபாஸ் கேட்டார்.

பிளாரன்ஸ் சுமப்பவர்கள் அனைவருக்கும் கேட்கும்படி பதில் சொன்னார். "குழி இன்னும் நெறையலியே."